கடலூர் மழைக்கு எந்த பூட்ஸ்? பிவிசியா, ரப்பரா, தோலா

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மூன்று ஜோடிக் கால்களைப் பற்றிய பேச்சும் சேர்ந்தே பிறந்துவிடும். ஒன்று என்னுடையது. தென்பெண்ணைக் கரையோரம் ஒரு காணி நெல், பக்கத்திலேயே கொஞ்சம் கரும்பு. இரண்டாவது மச்சானுடையது. முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு, விடியுமுன்னே போய் நிற்க வேண்டும். மூன்றாவது அண்ணியுடையது. தெருக்களில் வாய்க்கால் அடைப்பெடுக்கும் தூய்மைப் பணி. மழை பெய்தால் ஊரெல்லாம் வீட்டுக்குள் போகும். இந்த மூன்று பேரும் வெளியே போயாக வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்தது. அந்த வாரம் எங்கள் மூன்று பேர் காலிலும் இருந்தது ஒரே ரகம்: மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று நான்தான் போய் வாங்கி வந்த கறுப்பு பிவிசி கம்பூட்ஸ். வாரக் கடைசியில் என்னுடையது விரல் மடியும் இடத்தில் வெடித்துவிட்டது. மச்சானுடையது மரக்கட்டையாக விறைத்து, ஈரத் தரையில் வழுக்க ஆரம்பித்தது. அண்ணியின் பூட்ஸில் ஓட்டையே இல்லை. ஆனால் அளவு பெரிதாக இருந்ததால் குதிகாலில் தோல் உரிந்து, அந்தப் புண்ணோடு சாக்கடைத் தண்ணீரில் நின்றிருக்கிறார். மூவரில் அதிக ஆபத்தில் இருந்தவர் அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அதன்பிறகு இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் விடாப்பிடியாக இறங்கினேன். கடை கடையாகப் பார்த்தேன், பழசை அறுத்துப் பார்த்தேன், பஞ்சர் கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தேன். எனக்குப் புரிந்தது இதுதான். வெளித் தண்ணீரைத் தடுக்கும் வேலையைப் புதிதாக இருக்கும்போது எந்த பூட்ஸும் செய்துவிடும். உள்ளே சேரும் வியர்வையையும், மேல் வழியாகப் புகும் தண்ணீரையும் ராத்திரிக்குள் காயவைக்க முடியுமா? கிழிந்தால் நம்ம ஊரில் ஒட்டித் தர ஆள் உண்டா? இந்த இரண்டு கேள்வியில்தான் நல்லதும் கெட்டதும் பிரிகிறது.

குளிர்நாட்டு பூட்ஸ் இங்கே ஏன் உதவாது

கனடாவில் வேலை பார்க்கும் தம்பி மகன் போன வருஷம் வந்தபோது அவனுடைய பனிக்கால பூட்ஸை என்னிடம் விட்டுப்போனான். அடிப்பாகம் ரப்பர், மேலே தோல், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய கம்பளி உறை. தைத்த விதத்தைப் பார்த்தாலே மரியாதை வரும். பனியில் நிற்பவனுக்கு அது உயிர் காக்கும் பொருள். அங்கே விரல் மரத்துப்போகாமல் இருக்க வெப்பம் உள்ளேயே தங்க வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கம்பளி. நமக்கு மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் குளிர். அரை மணி நேரம் வரப்பில் நடந்ததும் கால் வெந்துபோனது. ஒருமுறை வாய்க்காலில் மேல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்தக் கம்பளி உறை காய மூன்று நாள் ஆனது, அதுவும் விசிறிக் காற்றில்.

மழை புகாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் மெல்லிய சவ்வு வைத்த விலையுயர்ந்த பூட்ஸும் இதே கதைதான். நீர்த்துளி நுழைய முடியாத, ஆனால் நீராவி போகக்கூடிய நுண்துளைகள் அந்தச் சவ்வில் இருக்கின்றன. ஏமாற்று வேலை ஒன்றுமில்லை, நன்றாகவே வேலை செய்யும் பொருள். ஆனால் வெளிக்காற்று காய்ந்திருந்தால்தான் ஆவி சுலபமாக வெளியேறும். ஐப்பசிக் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும்போது அது மெதுவாகத்தான் போகும். மேல்தோலில் சேறு அப்பிவிட்டால் அதுவும் நின்றுவிடும். கொல்லிமலைக்கோ ஊட்டிக்கோ நடக்கப் போகிறவர்கள் வாங்கட்டும். சேற்றில் வேலை செய்பவருக்கு வேண்டாம்.

பிவிசியும் ரப்பரும்

கடையில் இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் கம்பூட்ஸ் என்றுதான் பெயர். விலையில்தான் முதலில் வித்தியாசம் தெரியும். நான் விசாரித்த கடைகளில் பிவிசி ஜோடி 300 முதல் 500 ரூபாய்க்குள் கிடைத்தது. இயற்கை ரப்பர் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைக்காரர் எதைக் காட்டினாலும் "ரப்பர்தாங்க" என்றுதான் சொல்வார். நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பிவிசி பூட்ஸுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 12254, ரப்பர் பூட்ஸுக்கு ஐஎஸ் 5557. முத்திரை இருந்தால் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் மேல்பாகத்தை இரண்டு விரலால் இறுக்கி மடித்து விடுங்கள். ரப்பர் சட்டென்று நிமிர்ந்துவிடும். பிவிசியில் மடிப்புத் தடம் கொஞ்ச நேரம் நிற்கும், மலிவான சரக்கில் வெளுத்த கோடுகூட விழும். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் ரப்பருக்குப் புது டயர் வாசனை, பிவிசிக்குப் புது மழைக்கோட்டு வாசனை.

வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பிவிசிதான், இந்த பூட்ஸும் பிவிசிதான். குழாய் விறைப்பாக நிற்கிறது, பூட்ஸ் வளைகிறது. பூட்ஸில் மென்மைக்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்திருப்பதுதான் காரணம். வெயிலும், டீசலும், மீன் கொழுப்பும் அந்த மென்மையாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடுகின்றன. அது போய்விட்டால் பூட்ஸ் திரும்பவும் குழாய்தான். மச்சானுடையது விறைத்ததற்கும், என்னுடையது மடிப்பில் வெடித்ததற்கும் வேர் ஒன்றே. வேலை முடிந்ததும் இருவருமே வெயிலில்தான் காயவைத்தோம்.

அதற்காக பிவிசியை நான் ஒதுக்கவில்லை. ஒரே அச்சில் வார்ப்பதால் அதில் தையல் கிடையாது, ஒட்டு கிடையாது. புதிதாக இருக்கும்வரை ஒரு சொட்டு புகாது. கழுவச் சுலபம். வருஷத்துக்கு இருபது முப்பது நாள் மட்டும் போடுபவருக்கு, வெயிலில் போடாமல் பார்த்துக்கொண்டால், பிவிசியே போதும். தினமும் எட்டு மணி நேரம் குந்தி எழுந்து வேலை செய்பவருக்குத்தான் அது கட்டுப்படியாகாது. வருஷத்துக்கு இரண்டு ஜோடி வாங்குகிற காசில் ஒரு நல்ல ரப்பர் ஜோடி வந்துவிடும்.

ரப்பர் ஆயிரக்கணக்கான முறை மடிந்தாலும் தாங்கும், ஈரத்தில் பிடிப்பும் நன்றாக இருக்கும். அதற்கும் ஒரு எதிரி உண்டு: எண்ணெய். டீசல் சிந்திய தரையில் தொடர்ந்து நின்றால் இயற்கை ரப்பர் ஊதி, கொழகொழத்து, பிசுபிசுக்கும். அதனால் துறைமுகத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் சாதாரண ரப்பரும் சரிவராது, சாதாரண பிவிசியும் சரிவராது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கலந்த பிவிசி அல்லது நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்க வேண்டும். எண்ணெயையும் கொழுப்பையும் தாங்கும் ரகம் அது. மீன் பதப்படுத்தும் இடங்களில் வெள்ளை நிறத்தில் பார்த்திருப்பீர்கள். அழுக்கு தெரியட்டும் என்பதற்காகத்தான் வெள்ளை. மச்சானுக்கு இந்த முறை நைட்ரைல் கலந்ததைத்தான் வாங்கினேன். முதல் வாரம் "கனமா இருக்கு மாமா" என்றார். இரண்டாவது வாரத்திலிருந்து அந்தப் பேச்சு இல்லை.

தோல் சேஃப்டி ஷூ

சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பலர் தோல் ஷூவையே மழைக்கும் போடுகிறார்கள். ஐஎஸ் 15298 முத்திரை உள்ள சேஃப்டி ஷூவில் விரலுக்கு மேலிருக்கும் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். ஏறக்குறைய 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். சாமான் தூக்கும் இடத்தில் அதற்கு மாற்று இல்லை. தூறலில் நடக்கலாம், தேன்மெழுகு பூசினால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் தடவ வேண்டாம், தோல் தொளதொளத்துப்போகும். தேங்கிய தண்ணீரில் இறங்கினால் தையல் துளை வழியாகவே நனைந்துவிடும். உப்புத் தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். உப்பு காய்ந்தால் தோல் வெடிக்கும். ஒன்று சொல்ல வேண்டும்: தோல் ஷூவைச் சரிசெய்ய மட்டும் நம் ஊரில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் பிரிந்த சோலை ஒட்டி, சுற்றிலும் தையல் போட்டுத் தருவார். மேலும் இரண்டு வருஷம் ஓடும்.

அதே ஷூவின் அடிப்பாகம் பாலியூரிதேன் என்ற நுரை போன்ற பிளாஸ்டிக்காக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அது லேசானது, காலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரமே அதை உள்ளிருந்து அரித்துவிடும். தள்ளுபடியில் கிடைத்ததென்று மச்சான் ஒரு ஜோடி வாங்கிப் பரணில் வைத்திருந்தார். சில வருஷம் கழித்து எடுத்துப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போனார், சோல் கேழ்வரகுப் புட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. ஒருநாள்கூட உழைக்காத ஷூ அது. இந்த ரகத்தை வாங்கினால் தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்கி, உடனே போட ஆரம்பித்துவிட வேண்டும்.

வயலில் எங்கே போடலாம், எங்கே கூடாது

நடவு வயலில் கம்பூட்ஸ் போடாதீர்கள். சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், கால் வெளியே வரும், பூட்ஸ் உள்ளேயே நிற்கும். அங்கே வெறுங்காலுக்கு ஈடு இல்லை. வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்தால் சேற்றுப்புண் வராமல் பார்த்துக்கொள்ளலாம். வரப்பு கட்டுவது, மடை பார்ப்பது, கரும்புக்குள் நுழைவது, மருந்தடிப்பது இதற்கெல்லாம் பூட்ஸ் கட்டாயம் என்பேன். கண்ணாடி விரியன் கொத்துவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான். முழங்காலுக்குக் கீழ்வரை ஏறும் தடித்த ரப்பர் அங்கே நிஜமான காவல். மருந்தடிக்கும்போது பேன்ட்டை பூட்ஸுக்குள் சொருகாதீர்கள், வெளியே விடுங்கள். சொருகினால் துணியில் வழியும் மருந்து நேரே பூட்ஸுக்குள் இறங்கும். உள்ளே துணி ஒட்டாத பூட்ஸாக இருந்தால் மருந்து வேலைக்கு இன்னும் நல்லது, கழுவினால் போய்விடும்.

ஆற்றிலோ ஆழம் தெரியாத வாய்க்காலிலோ இறங்குவதென்றால் பூட்ஸைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் நிறைந்த பூட்ஸோடு வழுக்கும் கரையில் ஏறுவது ரொம்பக் கஷ்டம்.

இன்னொன்று, புயலுக்குப் பிறகு அறுந்த மின்கம்பி கிடக்கும்போது "ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கேன்" என்று யாரும் கிட்டே போகக் கூடாது. மின்காப்புச் சோதனை செய்த பூட்ஸ் தனி ரகம். நம்முடைய கம்பூட்ஸ் நனைந்திருக்கும், உள்ளேயும் ஈரம் இருக்கும், எங்காவது கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் இருக்கும். அதை நம்பி உயிரை வைக்கக் கூடாது.

அண்ணியின் அளவு

இதில்தான் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். கடலூரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் 7-க்குக் கீழே கம்பூட்ஸ் எடுப்பதே அபூர்வம். அண்ணிக்கு 4. அவருடன் வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேருக்கு 4, 5. வேலைக்கு எடுத்தவர்கள் கொடுத்ததும் 7, 8 தான். பெரிய பூட்ஸ் என்றால் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலும் கீழும் உரசும், தோல் வழண்டுபோகும். எலிக்காய்ச்சல் பரவும் ஒரு முக்கிய வழி இதுதான். எலி சிறுநீர் கலந்த தண்ணீரிலிருக்கும் கிருமி, தோலின் வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. பூட்ஸே அந்த வெடிப்பை உண்டாக்கினால் என்ன பிரயோஜனம்? வெள்ளத்தில் நின்று வேலை செய்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் டாக்டரிடம் போய், தண்ணீரில் நின்றதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அளவு பார்க்கச் சரியான நேரம் சாயங்காலம், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். தடித்த சாக்ஸோடு போட்டு, விரலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழையும் இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் வேண்டாம். பெரியதுதான் கிடைக்கிறதென்றால் உள்ளே ஓர் உள்அட்டை கூடுதலாகப் போடுங்கள், தினமும் வெளியே எடுத்துக் காயவையுங்கள். அது தற்காலிக வழிதான்.

பஞ்சர் கடையில் ஒரு மத்தியானம்

பழைய ரப்பர் பூட்ஸ் ஒன்றில் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் உள்துணி வழியாகப் பரவி வேறெங்கோ ஈரம் காட்டுகிறது. எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணன் ஒரு வழி காட்டினார். காய்ந்த பூட்ஸுக்குள் செய்தித்தாளை இறுக்கித் திணித்தார். பஞ்சர் பார்க்கும் தொட்டியில் கணுக்கால்வரை அமுக்கிப் பிடித்தார். இரண்டு நிமிஷம். தாளை அப்படியே உருவினார். சுண்டுவிரல் பக்கம் ஒரு ரூபாய்க் காசளவு ஈரம். அங்கே பூட்ஸை விரித்துப் பார்த்தால் மயிரிழை அளவு கீறல்.

"இன்னிக்கு ஒட்ட மாட்டேன். நாளைக்கு நல்லா காஞ்சதும் கொண்டாங்க" என்றார். ஒட்டு நிற்காமல் போவதற்கு முதல் காரணம் உள்ளே நிற்கும் ஈரம்தானாம். மறுநாள் கொண்டுபோனேன். கீறலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்தார், பளபளப்பு போய்ச் சொரசொரப்பு வரும்வரை. துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்து உலரவிட்டார். சைக்கிள் ட்யூபில் முட்டை வடிவத்தில் ஒரு துண்டு வெட்டினார். மூலை வைத்து வெட்டினால் மூலையிலிருந்துதான் பிரியுமாம். அதையும் தேய்த்தார். இரண்டிலும் சொல்யூஷனை மெல்லிசாகப் பூசிவிட்டு ஒரு டீ குடித்து வந்தார். புறங்கையால் தொட்டுப் பார்த்தார், கையில் ஒட்டவில்லை. அப்புறம்தான் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் நீவி, சுத்தியலின் பக்கவாட்டால் தட்டினார். மடியும் இடத்தில் மெல்லிய ட்யூப் துண்டுதான் நிற்கும், தடித்த டயர் ரப்பர் என்றால் ஓரம் தூக்கிக்கொள்ளும் என்றார். என்னிடம் 40 ரூபாய் வாங்கினார். அந்த பூட்ஸ் அடுத்த மழைக்காலமும் ஓடியது.

அதே சொல்யூஷனை பிவிசியில் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாளே உரிந்து வந்தது. குழாய் ஒட்டும் பசை பிடித்துக்கொள்ளும், ஆனால் காய்ந்ததும் கண்ணாடி மாதிரி விறைக்கும். குதிகால் பக்கம் போலக் கால் மடியாத இடத்துக்கு மட்டும் போடலாம். நொடியில் ஒட்டும் பசையும் அப்படித்தான், வளைந்தால் விட்டுவிடும். மழைக்கோட்டு, தார்ப்பாய் ஒட்டுவதற்கென்று வளையும் தன்மையுள்ள வினைல் பசை கிடைக்கிறது. பழைய பிவிசி பூட்ஸின் மேல்பாகத்தில் துண்டு வெட்டி அதை இந்தப் பசையால் ஒட்டியதுதான் எனக்கு நின்றது. ஒட்டுமுன் கீறலின் இரு முனையிலும் சூடான ஊசியால் சின்னத் துளை போட்டுக்கொண்டால் கீறல் மேலே ஓடாது. இதைத் திறந்தவெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள். பிவிசி கருகும் புகை நெஞ்சுக்கு ஆகாது. சிலர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து உருக்கியே ஒட்டுகிறார்கள். அவ்வளவு புகையில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

அடிப்பாகத்தின் பற்கள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டாலோ, மடிப்பில் மூன்று நான்கு கீறல் ஒன்றாக விழுந்துவிட்டாலோ ஒட்டுவதில் பயனில்லை. மேல்பாகத்தைத் துண்டு போட வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடலாம்.

தினசரிப் பாடு சின்னதுதான். நல்ல தண்ணீரில் கழுவி, கவிழ்த்து வடியவிட்டு, செய்தித்தாள் திணித்து நிழலில் வைப்பது. தாள் நனைந்தால் மாற்றுவது. மடித்தோ நசுக்கியோ மூட்டைக்கு அடியில் போடக் கூடாது, ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் வெடிப்பு விழும். சாக்ஸ் இரண்டு ஜோடி கையில் இருக்கட்டும், மத்தியானம் ஒருமுறை மாற்றினாலே கால் தப்பிக்கும். காலையில் போடுமுன் கவிழ்த்து ஒரு தட்டு தட்டிவிடுங்கள். தேளும் பூரானும் இருட்டான ஈரத்தைத் தேடித்தான் வரும்.

இந்த வருஷம் எனக்கு இயற்கை ரப்பர், மச்சானுக்கு நைட்ரைல் கலந்தது. அண்ணிக்கு 4-ம் எண் கடைசியில் புதுச்சேரியில் ஒரு கடையில் சொல்லிவைத்து வந்தது, நல்ல ரப்பர், கால்கெண்டையின் பாதிவரை உயரம். மறுவாரம் அவருடன் வேலை செய்யும் ஆறு பெண்களின் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது, நாளைக்குக் காலையில் பஸ் ஏறுகிறேன்.